வெள்ளைச் சுவரின் துளைகள்

கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதி மளிகைக்கடைக்காரர் மகன் அஸ்பாக் ஆர்க்கிடெக்ட் ஆனபோது தெருவே இனிப்பு தின்றது. மலை மண்ணை அறிந்து கட்டுகிறவர் என்று இருபது வருடம் பேர் வாங்கினார். சரிவில் தடுப்புச்சுவர் எழுப்பினால் மண்ணில் ஊறும் தண்ணீர் வடிய வரிசையாகத் துளைகள் விடச் சொல்வார். முடிந்ததும் ஒவ்வொன்றிலும் குச்சியை விட்டுப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு சுவரில் கோட்டை விட்டார்.

அது ராஜேஷ்குமாரின் ரிசார்ட்டில் அவர் கட்டிய தடுப்புச்சுவர். கோடை மழையில் துளைகள் வழியே செம்மண் நீர் ஒழுகி, வெள்ளைச் சுவரெல்லாம் கோடு கோடாக இறங்கியது.

"கெஸ்ட் போட்டோ எடுக்கிற இடம் சார், அசிங்கமா இருக்கு. அடைச்சிருங்க" என்றார் ராஜேஷ்குமார்.

அஸ்பாக் மறுத்தார். "அடுத்த ரெண்டு காட்டேஜ் கட்டுற வேலையும் உங்களுக்குத்தான்" என்றதும் மறுப்பு எங்கோ போய்விட்டது. சீசன் முடிந்ததும் திறந்துவிடலாம் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு துளைகளை அடைத்தார். படித்த மனுஷன் செய்கிற காரியமா இது!

ஐப்பசியில் மழை பிடித்தபோது அவர் தாண்டிக்குடியில் வேறு வேலையில் இருந்தார். துளைகள் நினைவுக்கு வரத்தான் செய்தன. நாளைக்கு ஆள் அனுப்பலாம் என்று விட்டுவிட்டார். மறுநாள் காலை சுவர் சரிந்தது. சரிவின் கீழே தன் வீட்டு வாசலில் பூண்டு ஆய்ந்துகொண்டிருந்த அன்னக்கொடிக்கு வலது காலை முழங்காலோடு எடுக்க வேண்டியதாயிற்று.

விசாரிக்க வந்த அதிகாரியிடம் அஸ்பாக் வரைபடத்தை நீட்டினார். அதில் துளைகள் அத்தனையும் இருந்தன. கனமழையே காரணம் என்று எழுதி முடித்தார்கள்.

மனசு கேட்காமல், படியே இல்லாத வீடொன்றை அன்னக்கொடிக்குத் தன் செலவில் கட்டிக்கொடுத்தார். பின்பக்கத் தடுப்புச்சுவரில் அவர் குச்சி விட்டுப் பார்ப்பதை, கட்டைக்கோலை ஊன்றியபடி அவள் கவனித்தாள்.

"என்னத்துக்கு பாய் இம்புட்டு ஓட்டை?"

"தண்ணி வடியணும்க்கா. இல்லாட்டி சுவரு தாங்காது."

"என் மேல விழுந்துச்சே, அந்தச் சுவருலயும் வச்சிருப்பீகள்ல?"

இதோ, சொல்லிவிட அவளே வழி விட்டாள். அஸ்பாக் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"அதான பார்த்தேன். ஊருல என்னென்னமோ பேசுனாக. அஸ்பாக் பாய் வேலையில குத்தம் சொல்லாதீகன்னு நான் சண்டைக்கே போயிட்டேன்" என்றாள் அன்னக்கொடி.

அடைத்த துளைகளுக்குக்கூட அவர் ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்வார். அந்தத் தலையாட்டலுக்கு இன்றுவரை அவரிடம் ஒன்றுமில்லை.