நெளியாத தகரம்

தகரத்தோடு தகரம் உரசும் சத்தம் இன்றைக்கும் என் பல்லைக் கூச வைக்கும். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி வந்தபோது, கல்முனையில் எங்கள் வளவின் பின்பக்கம் எனக்கு மூத்தவளான ராத்தாவுக்குச் சீதனமாகக் கட்டத் தொடங்கிய வீடு வெறும் சுவராக நின்றது. அதன் கூரைக்கு வாங்கிய புதுத் தகரங்கள் பக்கத்தில் அடுக்கிக் கிடந்தன. பெண்பிள்ளைக்கு வீடில்லாமல் எங்கள் பக்கம் கலியாணமில்லை என்பதால், அந்தக் கூரை ஏறும்வரை வாப்பாவுக்குச் சோறு இறங்காது.

அன்று பகலே வானொலி எச்சரித்தது. அடுக்கின் மேல் கருங்கல்லை ஏற்றச் சொல்லி உம்மா நச்சரித்தார். "கல்லு வெச்சா நெளியும். நெளிஞ்ச தகரத்தக் கண்டா மாப்புள ஊட்டாக்கள் என்ன கதைப்பாங்க?" என்று சொல்லிவிட்டு, வாப்பா இரண்டு உமிமூட்டைகளை மட்டும் பாரமாக வைத்தார். சூறாவளிக்கு உமிமூட்டை எந்த மூலைக்கு!

பொழுதுபட்டதும் காற்று வந்தது. ஓடுகள் சரிய, உம்மாவும் ராத்தாவும் நானும் கட்டிலுக்கடியில் ஒடுங்கினோம். கதவை முதுகால் தாங்கியபடி வாப்பா பாங்கு சொன்னது எங்களுக்கே கேட்கவில்லை. வெளியே தகரங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும் சத்தம்தான் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் ராத்தா என் கையை இறுக்கினாள்.

பிறகு சட்டென்று எல்லாம் நின்றது. "அல்ஹம்துலில்லாஹ், முடிஞ்சிட்டு" என்று வாப்பா லாந்தரைத் தூக்கினார். சூறாவளிக்கு நடுவில் கண் ஒன்று உண்டு, அது தாண்டினால் மறுபாதி வரும் என்பதெல்லாம் எங்களில் யாருக்குத் தெரியும்?

"போகாதீங்க வாப்பா! எனக்கு ஊடும் வேணாம், ஒண்டும் வேணாம்" என்று ராத்தா அவர் சாரன் முனையைப் பிடித்தாள்.

"உடு புள்ள, மிச்சத்தயாச்சும் பொறுக்கிட்டு வாறன்" என்று உதறிக்கொண்டு போனார்.

நான் வாசலில் நின்று பார்த்தேன். மூன்று நான்கு தகரங்களைச் சேர்த்திருப்பார், காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து அறைந்தது, லாந்தர் அணைந்தது. காற்று ஆளை வெட்டாது, அது தூக்கி வருவதுதான் வெட்டும் என்று அன்றுதான் கண்டேன். தவழ்ந்து வந்து சேர்ந்த வாப்பாவின் காலில், முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரிந்தது. ராத்தா தலையில் கிடந்த முக்காட்டைக் கிழித்துக் கட்டினாள். விழுந்த மரங்களை வெட்டித் தெரு திறக்க இரண்டு நாளாயிற்று. அதற்குள் புண் அழுகி, ஆஸ்பத்திரியில் அந்தக் காலை எடுத்துவிட்டார்கள்.

வயல்களில் சிதறிக் கிடந்த தகரங்களை அயலவர்கள் பொறுக்கித் தந்தார்கள். தட்டி நிமிர்த்தி அவற்றாலேயே ராத்தாவின் வீட்டுக் கூரையை வேய்ந்தோம். நெளிவைப் பற்றி மாப்பிள்ளை வீட்டார் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. எந்தத் தகரம் வெட்டியது என்று ராத்தா கேட்கும்போதெல்லாம், "எல்லாம் ஒரே தகரந்தான்" என்று வாப்பா சொல்லி வைத்தார். அவர் மௌத்தாகி, அடக்கம் முடிந்து வெகுகாலமாகிறது.

எனக்கு இப்போதும் காற்று அடித்தால் பயமில்லை. திடீரென்று நின்றால்தான் இருப்புக்கொள்ளாது. ராத்தாவின் வீட்டுக்கு இப்போது கொங்கிறீட் கூரை. மழை பெய்வதுகூட உள்ளே கேட்பதில்லை. இறக்கிய பழைய தகரங்களை ஏற்றிப்போக இரும்புக்காரர் வந்த அன்று, ராத்தா அவரை நிற்க வைத்துவிட்டு, ஒவ்வொரு தகரத்தின் விளிம்பையும் விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.