கம்ப்யூட்டர் குற்றமும் நானும்

டைப் அடித்துப் பிழைக்கிறவர்களுக்கு, அடுத்தவர் வாங்கும் டாக்டர் பட்டத்தில் கழுத்துவலி மட்டும்தான் பங்கு. உங்களில் பலருக்கும் அந்தப் பங்கு கிடைத்திருக்கும். பிள்ளைகள் வேலைக்குப் போனபின் நானும் பாளையங்கோட்டையில் ஓர் அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்தேன். ஏரல் ஊர்க்காரி பாத்திமாவின் ஆராய்ச்சி டைப் அடிக்க என்னிடம் வந்தது. கம்ப்யூட்டர் வழியாக நடக்கும் திருட்டை நம் போலீஸ் எப்படிப் பிடிக்கப்போகிறது என்பது தலைப்பு. மாதக் கடைசியில் அவளுடைய பேராசிரியர் ஓய்வு பெறுகிறார். அதற்குள் கொடுக்காவிட்டால் வேறொருவரிடம் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

யாருக்கும் தெரியாத சொல்

வேறு யாரும் திறக்காதபடி பாஸ்வேர்டு வைக்கச் சொன்னாள் பாத்திமா. 'முருகா' என்று வைத்தேன். யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஒருநாள் நான் வரத் தாமதமானபோது அண்ணாச்சியே திறந்து பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். பதறிப்போய், எப்படி என்று கேட்டேன்.

"தெனமும் முருகா முருகான்னு வாய்விட்டுச் சொல்லிட்டுத்தானக்கா தட்டுதிய."

அன்றைக்கே சாமியை மாற்றினேன்.

ஆயுத பூஜை

கம்ப்யூட்டர், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். ஆராய்ச்சி முழுக்க அடங்கிய பிளாப்பி மட்டும் என்ன பாவம் செய்தது? பாத்திமா நல்லபடியாகப் பட்டம் வாங்கட்டும் என்று, அதன் தகர மூடியை விலக்கி உள்ளேயும் ஒரு பொட்டு வைத்தேன்.

விடுமுறை முடிந்து போட்டால் பிளாப்பி ஓடவில்லை. பாத்திமா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வைரஸைப் பத்தி எழுதியிருக்கேன். சந்தனத்தைப் பத்தி எழுதலயேம்மா."

இன்னொரு பிரதி

கம்ப்யூட்டருக்குள் இன்னொரு பிரதி இருந்தது. ஆனால் மாற்றிய சாமி யாரென்று எனக்கு மறந்துபோய்விட்டது. நெல்லையப்பர், காந்திமதி, பாபநாசநாதர் என்று வரிசையாகத் தட்டினேன். ஒருவரும் மனம் இரங்கவில்லை. நாளை மறுநாள் பேராசிரியருக்குக் கடைசி நாள். பாத்திமா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் எனக்கும் சேர்த்து டீ சொன்னதில்தான் எனக்கு அழுகை வந்தது.

பக்கத்து டீக்கடைக்காரர் டம்ளரை வைத்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னோம். அவர் யோசிக்கக்கூட இல்லை. போன வாரம் பூராவும் நான் வந்து உட்கார்ந்ததும் 'இசக்கியம்மா' என்றுதான் கூப்பிட்டேனாம், அவர் கடைவரை கேட்டதாம்.

தட்டினேன். திறந்தது. பாத்திமா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இதை எந்த அத்தியாயத்துலம்மா சேர்க்க?"

அவளுக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் வாயை மூடிக்கொண்டு சாமி கும்பிட இன்னும் வரவில்லை.