நியாண்டர்தால் அண்ணை

என் அம்மா ஜெர்மனியின் ஆஹென் நகரில் ஒரு தமிழ்க் கடையில் வேலை செய்கிறார். கறிவேப்பிலை வாங்க வரும் மாணவர்கள் முதல் அரிசி மூட்டை இறக்கும் லொறிக்காரர் வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். நான் கல்யாணம் செய்ய நினைத்திருந்த ஜெர்மன்காரன், தமிழில் மரியாதையாக ஒரு வார்த்தை பேச ஆசைப்பட்டு, முதல் நாளே அவரை அக்கா என்று கூப்பிட்டுத் தொலைத்தான்.

வெள்ளைக்காரன் என்பதை அம்மா எப்படியோ விழுங்கியிருந்தார். இதை விழுங்க முடியவில்லை.

"என்னை அக்கா எண்டால் அவர் எனக்குத் தம்பி, உனக்கு அம்மான் முறை. அம்மானைக் கட்டுற வழக்கம் எங்களிட்டை இல்லை."

ஜெர்மன்காரனுக்கு ஏது முறை என்று சண்டை போட்டேன். முறையே இல்லாத ஆளை என்ன சொல்லி வீட்டுக்குள் எடுப்பது என்று அவர் திருப்பிக் கேட்டார். மூன்று மாதமாக அதே பேச்சு. அம்மா சம்மதிக்காமல் கட்ட எனக்கு மனம் வரவில்லை. அவனை விடவும் வரவில்லை. குளியலறைக்குள் போய் அழுவேன், பிறகு அந்த 'அக்கா'வை நினைத்துச் சிரிப்பேன்.

அவன் பழைய எலும்புகளை ஆராய்கிறவன். அம்மாவைக் குளிர்விக்கிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை நியாண்டர் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனான். பெண்ணின் தாய்க்கு எலும்பு காட்டுகிற மாப்பிள்ளையை என்ன செய்வது!

அங்கே ஆளுயர நியாண்டர்தால் மனிதர் ஒருவரைச் செய்து நிறுத்தியிருந்தார்கள். தாடியும் சிரிப்புமாக நின்றார். இவர்கள் இங்கே இருந்தபோது நம்மவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தார்கள், இரண்டு பகுதிக்கும் பிள்ளைகள் பிறந்தன, அதனால் நம் மூவரிடமும் இவரின் மிச்சம் இருக்கிறது என்று அவன் ஜெர்மனில் விளக்கினான். கட்டித்தான் பெற்றார்களா என்று அம்மா என்னிடம் கேட்டார். அதெல்லாம் தெரியாது என்றேன்.

அம்மா கட்டைவிரலை மற்ற விரல்களில் ஓட்டி ஓட்டிக் கணக்குப் பார்த்தார். கல்யாண வீடுகளில் சொந்தம் பிடிக்கும்போது அப்படித்தான் செய்வார்.

"இவர் எனக்கு அண்ணை முறை," என்றார் கடைசியில். "உன்ரை ஆள் இவரின்ரை வழி. அண்ணை வழிப் பிள்ளை எனக்கு மருமோன்தானே."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் தெரியவில்லை. அம்மா என்ன சொல்கிறார் என்று அவன் கேட்டான். இவர் அண்ணன், நீ அவர் வழி என்பது வரைக்கும் மொழிபெயர்த்தேன். உடனே அவனுக்குள் இருந்த விஞ்ஞானி விழித்துக்கொண்டான். நீயும் இவரின் வழிதானே, அப்படிப் பார்த்தால் நாமிருவரும், என்று தொடங்கினான். அவன் காலை நன்றாக மிதித்தேன்.

"மருமோன், வாங்கோ, பசிக்குது," என்று அம்மா முன்னால் நடந்தார்.

காலைத் தடவிக்கொண்டே, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டான். எனக்குச் சிரிப்பும் அழுகையுமாக வந்தது. சம்மதம் என்று அர்த்தம் என்றேன்.