அம்மாவுக்கு வாசித்துக் காட்டும் குரல்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. பெரியம்மாவின் மகள் வவுனியாவில் துணிக்கடையில் நிற்கிறாள்; வேலை நேரத்தில் கதைக்க முடியாததால் எழுத்தில்தான் செய்தி அனுப்புவாள். அதை வாசித்துச் சொல்ல நான் வரும்வரை அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். அவருக்காகத்தான் தமிழ்ச் செய்திகளைச் சத்தமாக வாசிக்கும் ஒரு சின்னச் செயலியை எழுதத் தொடங்கினேன்.

எழுதியதை, மென்பொருள் எழுதும் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் ஒரு தளத்தில் இலவசமாக வைத்தேன். அங்கே ஒருவர் எழுதியதை முன்பின் தெரியாத இன்னொருவர் திருத்தலாம். அப்படித்தான் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்தார். முதல் திருத்தத்தோடு ஒரு குறிப்பும் இருந்தது: “செயலி நல்லாதான் இருக்கு. குரல்தான் லிஃப்ட்ல கதவை மூடச் சொல்ற மாதிரி இருக்கு.” வேண்டுமென்றால் தன் குரலையே தருவதாகக் கீழே எழுதியிருந்தார்.

தந்தார். வாக்கியம் வாக்கியமாக வாசித்துப் பதிவு செய்து அனுப்பினார். ஒரு பதிவில், பின்னாலிருந்து யாரோ அவரை வீட்டுப் பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அந்தத் துண்டை வெட்டியெடுத்தேன், எறியவில்லை. தளத்தில் அவருக்கு இருந்தது ஒரு புனைபெயரும் ஒரு பூனைப் படமும் மட்டும். அந்த வீட்டுப் பெயர் எனக்குத் தெரியும் என்று அவருக்கு நான் சொன்னதே இல்லை.

எனக்கு விடியும்போது அவருக்குப் பொழுது சாய்ந்திருக்கும். எழும்பியதும் யன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறதா என்று பார்க்குமுன் அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்ப்பேன். தேத்தண்ணி ஆறும். செயின்ட்-மிஷேல் மெட்ரோவில் நின்றபடி பதிலெழுதுவேன். செயலியின் நிரலைப் பற்றித்தான் எல்லாம். ஆனாலும் ஒரு வரி கூடுதலாக இருக்கும்: அங்கே மழை, இங்கே பஸ் வரவில்லை.

வீட்டில் அவர் குரல்தான் பெரியம்மாவின் கால் வீக்கத்தையும் வவுனியா வெயிலையும் அம்மாவுக்குச் சொன்னது. அம்மாவுக்கு ஒரேயொரு குறை. “உன்ர சென்னைப் பிள்ளை பஸ்ஸுக்கு ஓடுறவள் மாதிரி வாசிக்கிறாள்.” இதை எழுதினேன். தான் பேசுவதே அப்படித்தான் என்று சிரித்தார். ஆன்ட்டிக்காக மெதுவாக வாசிக்க ஏதாவது செய்யலாமே என்றார். நான் அந்த வேலையைத் தொடங்கிப் பாதியில் நின்றேன்.

அதற்குள் அந்தச் செய்தி வந்தது. தளத்தை நடத்தும் நிறுவனம், விசா முடிந்தவர்களைத் தேடிப் பிடித்து நாடு கடத்தும் ஒரு அரசுத் துறைக்கும் தன் சேவையை விற்கிறதாம். உள்ளே வேலை செய்தவர்களே எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். நிறுவனம் அசையவில்லை.

அப்பா இந்த நாட்டுக்கு அகதியாக வந்தவர். கோரிக்கைக்குப் பதில் வரும்வரை, கதவு மணி அடித்தால் டீவியை நிறுத்திவிட்டு மூச்சுக் காட்டாமல் இருப்பார். பதில் வந்து, டோர்வல் விமான நிலையத்தில் விமானம் துப்புரவாக்கும் வேலையும் நிரந்தரமான பிறகும், மணி அடித்தால் கை ரிமோட்டுக்குத்தான் போகும். இப்போதும் போகிறது. அதைப் பார்த்துக்கொண்டே அங்கே தொடர்ந்து எழுத எனக்குக் கை வரவில்லை. விலகப் போகிறேன் என்றதும் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சம்பளமில்லாத வேலையை ராஜினாமா செய்யிற முதல் ஆள் நீதான்,” என்றார். பிறகு, டீவியைப் பார்த்தபடி, “செய்,” என்றார்.

செயலியை வேறொரு சின்னத் தளத்துக்குக் கொண்டுபோகலாம், நீங்களும் வாருங்கள் என்று அவருக்கு எழுதினேன். மறுநாள் காலை பதில் வந்திருந்தது.

“நீங்க பண்றது சரி. என்னால வர முடியாது. ஆபீஸ் வேலை மொத்தமும் இங்கதான். புது வேலைக்குக் கூப்பிடறவங்களும் இங்க என்ன பண்ணியிருக்கேன்னுதான் பாக்கறாங்க.”

அவரைப் பிழை சொல்ல எனக்கு வாயில்லை. எனக்கு நிரந்தர வேலை இருந்தது. கணக்கோடு செயலியையும் அழித்தால் எங்கோ இருக்கும் எத்தனையோ அம்மாக்களின் போன்கள் ஊமையாகிவிடும். குரலும் அவருடையது. எல்லாவற்றையும் அவர் பொறுப்பில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கணக்கை மூடினேன். போன் நம்பர் கேட்க நினைத்தேன். அந்த நேரத்தில் கேட்டால், என்னோடு வா என்று இன்னொரு தரம் இழுப்பதுபோல இருக்கும். கேட்கவில்லை.

கணக்கு இல்லாமலும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். பார்ப்பதில்லை. பார்த்தால் ஒரு வரிக்குக்கூடப் பதில் எழுத முடியாது. காலையில் இப்போது தேத்தண்ணியைச் சூடாகவே குடிக்கிறேன்.

போன ஞாயிறு அம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போன் வாசித்தது. குளம் நிரம்பிவிட்டது. ஒரு நிறுத்தம். பெரியம்மா நடக்கத் தொடங்கிவிட்டார். இன்னொரு நிறுத்தம், கேட்பவர் தலையாட்ட இடம் விட்டதுபோல. நான் பாதியில் விட்ட வேலை முடிந்திருந்தது.

“இண்டைக்கு இவள் ஆறுதலா வாசிக்கிறாள்,” என்றார் அம்மா.

நான் வாசலில் நின்றதை அப்போதுதான் கண்டார். கத்தியை வைத்துவிட்டு, ஈரக் கையைச் சட்டையில் துடைத்தார்.

“திருப்பிப் போடவோ?”

“போடுங்கோ, அம்மா.”