பல்லில் கடித்த நூல்

என் இடது புருவத்துக்காக ஒருத்தியின் வேலையைக் கெடுத்தேன். வேலையை மட்டுமல்ல... ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று தன் தாயோடு வந்து சேர்ந்திருக்க வேண்டிய வீட்டையும் கெடுத்தேன்.

ஆம், புருவத்துக்காகத்தான். நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள்.

நான் எழுதிக் கொடுத்ததில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானம் அது ஒன்றுதான். எவ்வளவு அசிங்கமான சமாதானம்!

மலையாள ஊரான கழக்கூட்டத்தில் ஒரு கணினி நிறுவனத்தில் மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. பிறர் செய்து முடித்ததில் குறை கண்டுபிடித்து, அதை வரிசையாக எழுதிக் கொடுப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன். நான் அதில் கெட்டிக்காரி. பழக்கம் அலுவலகத்தோடு நிற்கவில்லை. என் கைபேசியில் 'எனக்குப் பிடித்தவை' என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன்.

ஒன்று, ஆரியசாலைக் கடையில் என் கண்ணெதிரே அரைத்த, சிக்கரி கலக்காத காபித்தூள். இரண்டு, வெள்ளிக்கிழமைகளில் பலராமபுரம் கைத்தறிப் புடவை. கரை ஒரு விரல் அகலத்தைத் தாண்டக் கூடாது. மூன்று, வெட்டிவேர் அத்தர், மணிக்கட்டில் மட்டும். நான்கு, கறுத்துப்போன வெள்ளிக் கம்மல். தங்கம் என்னைப் பாட்டு டீச்சர் மாதிரி காட்டும். ஐந்து, செங்கல் நிறத்தில் ஒரே ஒரு உதட்டுச்சாயம். ஆறு, மாலையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சங்குமுகம் கடற்கரை மணலில் நடப்பது.

ஏழு, இசக்கி.

கம்மலுக்கும் சாயத்துக்கும் கீழே ஒரு மனுஷியை எழுதி வைத்திருந்தேன்... அப்போது அது எனக்கு விநோதமாகப் படவில்லை.

கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் இருக்கிற பார்லரில் இசக்கி வேலை பார்த்தாள். ஊர் அம்பாசமுத்திரம். இசக்கியம்மாள் என்ற பெயர் வருகிறவர்களைப் பயமுறுத்தும் என்று பார்லர்க்காரி பிந்து சேச்சி அவள் சட்டையில் 'ஐஷு' என்று ஒரு வில்லையைக் குத்திவிட்டிருந்தாள். அந்த மாடியில் தமிழ் பேசுகிறவர்கள் நானும் அவளும்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். என்றாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

சாலைத் தெருவில் ஓர் அறையில் நான்கு பெண்களோடு தங்கியிருந்தாள். மகள் முத்துப்பேச்சி ஊரில் பெரியம்மா வீட்டில். கணவன் இல்லை. ஏன் இல்லை என்று நான் கேட்டதில்லை. என் புருவத்துக்கு அது தேவைப்படவில்லை.

சிறு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்ததில் என் இடது புருவத்தின் வால் பக்கம் ஒரு தழும்பு. அங்கே முடி முளைக்காது. எத்தனையோ பார்லர்கள் ஏறி இறங்கியிருக்கிறேன். எல்லாரும் அந்த இடத்தைப் பென்சிலால் நிரப்பச் சொன்னார்கள். இசக்கி ஒருத்திதான் மேலே நான்கு முடிகளை விட்டுவைத்து, அவற்றைத் தழும்பின் மேல் சாய்த்து, கீழே நூலால் ஒரு கோடு இழுத்தாள். கண்ணாடியில் பார்த்தேன். தழும்பு இல்லை! என் முகத்துக்கு வேண்டிய ஒழுங்கு முதன்முதலாக அன்றுதான் வந்தது.

அந்தக் கோடு அவ்வளவு நுணுக்கமாக வருவதற்கு ஒரு காரணம் உண்டு. நூலின் ஒரு முனையை அவள் பல்லில் கடித்துக்கொள்வாள். தலையை அசைக்கிற அசைவில் முறுக்கிய நூல் ஒவ்வொரு முடியாகப் பிடுங்கிக்கொண்டு போகும். பழைய முறை. பெரிய இடங்களில் அது சுத்தக் குறைவு. அங்கே நூலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் செய்யவேண்டும்.

இசக்கி கழுத்து முறையையும் பழகிக்கொண்டாள். கோவளத்தில் ஒரு பெரிய ஹோட்டலின் அழகு நிலையத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் உடன் வேலை பார்க்கும் பெண்களை உட்காரவைத்துப் பழகினாள். ஒரு மாதத்தில் வருகிற எல்லாருக்கும் கழுத்து முறையிலேயே செய்யத் தொடங்கிவிட்டாள்.

எனக்கும் ஒரு முறை செய்தாள். கண்ணாடியில் வாலைப் பார்த்தேன். ஒரு முடியளவு தடிமன்.

"எனக்கு மட்டும் பழையபடியே செய், இசக்கி."

"அக்கா, அங்க பல்லுல வச்சா ஆகாதாம். கை மாறிரும்லா... இதுலயே பழகிக்கிடுதேன்."

"இது கோவளம் இல்லையே. இந்த வாலுக்கு மட்டும்."

அவள் சிரித்தாள். "இந்த அக்காவுக்குப் புருவத்துல ஒரு முடி கூடிட்டா ஒறக்கம் வராது, அல்லே?" என்று சொல்லிவிட்டு நூலைப் பல்லில் கடித்தாள்.

கழுத்து முறையை அவள் விரும்பியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. வாய் சும்மா இருக்கும். சனிக்கிழமை காலையில் முத்துப்பேச்சி பெரியம்மாவின் கைபேசியில் கூப்பிடுவாள். இசக்கி ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு, கை வேலையில் இருக்க, மகளோடு பேசுவாள். எனக்குச் செய்யும்போது மட்டும் பேச முடியாது. "எம்மா... எம்மா... கேக்கா?" என்று அந்தக் குழந்தை கூவும். என் நெற்றிக்கு மேலே "ம்ம்... ம்ம்..." என்று ஒரு சத்தம் வரும். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும்.

கோவளத்து வேலையில் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிது ஒன்றுதான். ஹோட்டலுக்குப் பின்னால் குடும்பத்தோடு தங்க ஓர் அறை, ஒரு சமையல் மேடை. மகளை அழைத்துவந்து, பள்ளி திறக்கும்போது பக்கத்திலேயே சேர்த்துவிடலாம். அவளுக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. ஆகவே பள்ளி விண்ணப்பத்தை என்னிடம் கொடுத்தாள். "நல்ல கையெழுத்துல எழுதிக் குடுங்கக்கா." எழுதிக் கொடுத்தேன். குழந்தையின் பெயர், தாயின் பெயர், பிறந்த ஊர்... முகவரிக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டோம். அறை எண் கிடைத்ததும் நிரப்பலாம் என்று விண்ணப்பத்தை என்னிடமே விட்டுவைத்தாள்.

அவளை நேரில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். தேர்வாகிவிட்டாள். வழக்கமாக வரும் வாடிக்கையாளர்கள் இருவரிடம் கருத்துக் கேட்பது மட்டும் பாக்கி. ஒரு வங்கி அதிகாரி அம்மாளின் பெயரையும் என் பெயரையும் கொடுத்திருந்தாள். "உங்க பேரத்தான் மொதல்ல எழுதியிருக்கேன்க்கா!" என்றாள், என் தோளைத் துடைத்துவிட்டுக்கொண்டே.

நான் வாழ்த்தினேன். அடுத்த மாதம் என் புருவத்தை யார் செய்வார்கள் என்று யோசித்துக்கொண்டே வாழ்த்தினேன்.

ஹோட்டலிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். "மேடம், ரெண்டு மினிட்டு மதி. ஃபார்ம் அயச்சிட்டுண்டு. கான்ஃபிடென்ஷியல் ஆணு, கேட்டோ." இரண்டு நிமிடம் போதுமாம், படிவம் அனுப்பியிருக்கிறாளாம், நான் எழுதுவது ரகசியமாகவே இருக்குமாம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து அந்தப் படிவத்தைத் திறந்தேன். பத்துக் கேள்விகள். ஒன்பதுக்கும் உண்மையைத்தான் எழுதினேன்... திறமை, பொறுமை, நேரம் தவறாமை, எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண். பத்தாவது கேள்வி: குறை ஏதேனும் உண்டா?

காலியாக விட்டேன். தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தேன். அந்தக் காலிக் கட்டம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

நீங்கள் என்னை நல்லவளாக நினைக்க விரும்பினால், ஏதோ ஒரு வேகத்தில் எழுதிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி இல்லை. நிதானமாக எழுதினேன். அலுவலகத்தில் குறை எழுதுவது எப்படியோ அப்படியே எழுதினேன்.

குறை: சுகாதாரம். நிகழும் விதம்: இடது புருவத்தின் வால் பகுதிக்கு வரும்போது, கழுத்திலிருக்கும் நூலை எடுத்து, முனையைப் பற்களால் கடித்துக்கொண்டு செய்கிறார். எத்தனை முறை: ஒவ்வொரு முறையும். தீவிரம்: அதிகம்.

நான் கேட்டதால்தான் செய்கிறார் என்று எழுதவில்லை. அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை... ஆ, எவ்வளவு வசதி!

அனுப்பினேன். மாலையில் சங்குமுகத்துக்குப் போனேன். அன்று கடல் அழகாக இருந்தது. உண்மையாகவே ரசித்தேன். அதையும் சொல்லாவிட்டால் இந்த வாக்குமூலம் பொய்யாகிவிடும்.

ஏன் செய்தேன்? புருவம் ஒன்றுதான் காரணமா? இல்லை என்று நினைக்கிறேன். வெள்ளைச் சீருடையில், குளிர்ந்த அறையில், முன்பின் தெரியாத பெண்களின் நெற்றிக்கு மேலே அவள் குனிந்து நிற்பதை நினைத்துப் பார்த்தேன். பொறுக்கவில்லை. அவள் என் பட்டியலில் ஏழாவது. பட்டியலிலிருந்து ஒரு பொருள் தானாக எழுந்து நடந்து போகுமா?

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போலப் போனேன். ஜன்னலோர நாற்காலி. இசக்கி என் கழுத்தில் துண்டைக் கட்டினாள். பவுடர் தடவினாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. என்றாலும் கேட்டேன்.

"கோவளம் என்ன ஆச்சு?"

"வேண்டாம்னுட்டாவக்கா."

"ஏன்?"

"யாரோ எழுதிக் குடுத்துருக்காவ. பல்லுல நூலு கடிக்கேன்னு. அந்த ஹோட்டல் மேடம் எனக்கு வாசிச்சே காட்டுனாவ."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடித்தானே ஆகவேண்டும், புருவம் செய்யும்போது! இமையை இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"கஸ்டமர் கேட்டதுனாலதான் அப்படிச் செஞ்சேன்னு சொன்னேன்க்கா. கஸ்டமர் கேட்டா எது வேணும்னாலும் செய்வியா நீன்னு கேட்டுட்டாவ."

அப்போது நான் ஒரு கேள்வி கேட்டேன். இதுவரை சொன்னதெல்லாம்கூட ஒருவேளை மன்னிக்கப்படலாம். இந்தக் கேள்வியை யாரும் மன்னிக்க முடியாது.

"யார் எழுதியிருப்பார்கள், இசக்கி?"

நூற்கண்டிலிருந்து நூல் இழுபடும் சத்தம் கேட்டது.

"எடது புருவத்துக்கு வாலுன்னு வாசிச்சாவக்கா," என்றாள் மெதுவாக. "பேங்க் மேடத்துக்கு நான் பல்லுல வச்சதே இல்ல."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. என் தொழிலில் ஒரு குறையை எழுதினால், படிக்கிறவன் அதைத் தானே செய்து பார்த்துக் கண்டுபிடிக்கும் அளவுக்கு எழுத வேண்டும். எங்கே, எந்தப் பக்கம், எந்தக் கட்டத்தில்... தெளிவின்றி எழுதியிருந்தால் நான் தப்பியிருப்பேன். 'சுத்தம் போதாது' என்று இரண்டு சொல்லில் முடித்திருந்தால், எழுதியவள் வங்கி அம்மாளாகவும் இருக்கலாம். நான் துல்லியமாக எழுதினேன். ஊரிலேயே ஒரே ஒரு இடது புருவத்துக்கு நடப்பதை, அதன் வாலோடு சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போடாமல் கையெழுத்துப் போட்டிருந்தேன்!

அவள் என்னைத் திட்டவில்லை. பிந்து சேச்சியைக் கூப்பிடவில்லை. "நீங்கதானே?" என்று கேட்கக்கூட இல்லை. நான் சொல்வேன் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். நான் சொல்லவில்லை.

கண்ணைத் திறந்தேன். அவள் நூலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இனிமே எல்லாருக்கும் ஒரே மாதிரிதான்க்கா," என்றாள்.

அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. அவள் ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"எம்மா, கேக்கா? எப்பம்மா கூட்டிட்டுப் போவ? பெரியம்ம எனக்குப் பையெல்லாம் வாங்கிட்டாவ!"

இப்போது இசக்கியின் வாய் சும்மா இருந்தது. என் முகத்துக்கு ஒரு சாண் மேலே இருந்தது. அவள் மூச்சு என் இமையில் பட்டது.

"இந்த வருசம் இல்லட்டி."

"ஏம்மா?"

"இல்லட்டி. பையைப் பத்திரமா வச்சிரு." பிறகு, அதே குரலில், குரலை ஒரு இம்மிகூட மாற்றாமல் என்னிடம் சொன்னாள்: "அக்கா, தோலை நல்லா இழுத்துப் பிடிங்க."

நான் இழுத்துப் பிடித்தேன். நூல் போயிற்று. ஒரு இடத்தில்கூட வெட்டவில்லை. வெட்டியிருக்கலாம்...

எழுந்து போகும்போது, "அந்தப் பள்ளிக்கூட ஃபாரத்த கிழிச்சிருங்கக்கா," என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

ஆட்டோவில் திரும்பும்போது முதலில் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? அழுதேன் என்றா? கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து வாலைப் பார்த்தேன். ஒரு முடியளவு தடிமன்.

அவள் இன்னும் அதே மாடியில்தான் இருக்கிறாள். நானும் ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை இன்னும் போகிறேன். போகாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும், போனாலோ... நாங்கள் வெயிலைப் பற்றிப் பேசிக்கொள்கிறோம். அந்த ஹோட்டலுக்கு ஒரு வரி திருத்தி எழுதியிருந்தால் போதும். முதல் வாரத்தில் எழுதியிருக்கலாம். ஒவ்வொரு வாரமும் எழுதியிருக்கலாம். குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குத் தெரியும். அதைச் சரிசெய்வது வேறொருவர் வேலை என்று அலுவலகத்தில் சொல்லிப் பழகியிருக்கிறேன்.

முத்துப்பேச்சிக்கு இப்போது ஒன்பது வயது. எப்போது கூட்டிக்கொண்டு போவாய் என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். சனிக்கிழமைகளில் கூப்பிட்டால் அம்மாவிடம் மதிப்பெண்களைச் சொல்கிறாள், நன்றாகத்தான் படிக்கிறாள். நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

விண்ணப்பத்தை நான் கிழிக்கவில்லை. கம்மல் வைக்கிற இழுப்பறையில், அடியில் கிடக்கிறது. நல்ல கையெழுத்து. எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது, முகவரியைத் தவிர.

பார்லர் நோட்டில், வருகிற சனிக்கிழமை பத்தரை மணிக்கு என் பெயர் எழுதியிருக்கிறது.