கண்ணை மூடிப் பாடிய தேசிய கீதம்

எங்கள் வீட்டில் தேசிய கீதத்துக்கென்று சில சட்டங்கள் உண்டு. முதலில் ஏசியை நிறுத்த வேண்டும். கால்களைச் சேர்த்து விறைப்பாக நிற்க வேண்டும். பிறகு கண்களை மூடிக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசிச் சட்டத்தை அப்பா வாயால் சொன்னதே இல்லை. அவர் மூடுவார், நானும் மூடுவேன், அவ்வளவுதான்.

அப்போது நாங்கள் ஓமன் நாட்டில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். அப்பாவுக்கு ஏசி பழுதுபார்க்கும் வேலை. ஊரையெல்லாம் குளிர வைக்கிற மனிதர், வெள்ளிக்கிழமை காலையில் சொந்த வீட்டு ஏசியை அணைத்துவிட்டு, வேர்க்க விறுவிறுக்க எனக்குப் பாட்டு சொல்லித் தருவார். "சத்தம் நிக்கணும். சத்தம் நின்னாத்தான் பாட்டு" என்பார். என் பள்ளியில் ஓமனின் தேசிய கீதம் மட்டும்தான். நம் பாட்டில் வருகிற ஆறும் மலையும் எனக்குக் குழம்பிக்கொண்டே இருக்கும். ஒன்றை முன்னே பின்னே சொல்லிவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "புள்ளைக்கு வேர்க்குரு வரப்போவுது, ஏசியப் போடுங்க" என்று சமையலறையிலிருந்து அம்மா கத்துவாள்.

எனக்கு எட்டு வயதானபோது ஆகஸ்ட் விடுமுறைக்கு நானும் அம்மாவும் காஞ்சிபுரம் வந்தோம். அப்பாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அந்த வெயிலில் ஏசிக்காரனை எந்த முதலாளி விடுவான்? அப்பா பிறந்து வளர்ந்த தெருவில் அவருடைய தங்கை, என் அத்தை, குடியிருந்தாள். நெசவாளர் தெரு. தெருமுனையில் ஒரு கொடிக்கம்பம். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவது எப்படித் தவறாதோ, அப்படி சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றி மிட்டாய் கொடுப்பதும் அங்கே தவறாது. நான் வந்து இறங்கிய அன்றே அத்தை அறிவித்துவிட்டாள், இந்த வருஷம் மைக்கில் பாடப்போவது அண்ணன் மகள் என்று.

அதுவரை மைக்கில் பாடிவந்தவன் அத்தை மகன். அவனுக்குப் பொறுக்கவில்லை. "ஃபாரின் பொண்ணுக்கு இன்னாமா தெரியும்? பாதியில முழிக்கப் போவுது பாரு" என்றான். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை பிசகினாலும் போவது அப்பாவின் மானம் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அன்று சாயங்காலமே தெருப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒத்திகை ஆரம்பித்தேன். எல்லாரும் கண்ணைத் திறந்துகொண்டே பாடினார்கள். எனக்குப் பகீரென்றது.

"கண்ண மூடாம பாடினா செல்லாது" என்றேன்.

"சாமி பாட்டா இது, கண்ண மூடிக்கினு பாட?" என்றான் அத்தை மகன்.

"எங்கப்பா அப்படித்தான் பாடுவாரு."

ஃபாரினில் அதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று மற்ற பிள்ளைகள் ஒப்புக்கொண்டார்கள். நான் பெட்டியில் கொண்டுவந்திருந்த சாக்லேட்டும் கொஞ்சம் உதவியது.

சுதந்திர தினத்தன்று காலையில் பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு கம்பத்தடிக்கு ஓடினேன். விடுமுறை நாள்தான், ஆனாலும் ஆவணி முகூர்த்தத்துக்கான சேலைகள் காத்திருந்ததால் வீட்டுக்கு வீடு தறி ஓடிக்கொண்டிருந்தது. "கொடியேத்தப் போறோம், வாங்கப்பா" என்று மைக்கில் ஒரு குரல் கூப்பிட்டதும் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசித் தறியும் நின்றபோது தெருவில் அப்படியொரு அமைதி. ஏசியை அணைத்ததும் எங்கள் வீட்டில் வருமே, அதே அமைதி. எனக்குத் தலைகால் புரியவில்லை. இங்கேயும் சட்டப்படிதான் எல்லாம் நடக்கிறது.

கயிற்றை இழுத்தார்கள். கொடி பிரிந்து என் தலையில் சாமந்தி இதழ்கள் கொட்டின. கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். ஆறும் மலையும் சொன்னபடி கேட்டு அதனதன் இடத்தில் வந்து நின்றன. ஒரு வார்த்தை பிசகவில்லை. பாடி முடித்துக் கண்ணைத் திறந்தால், பிள்ளைகள் வரிசை மொத்தமும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறது. அவர்களைப் பார்த்துப் பெரியவர்களும் மூடியிருந்தார்கள். கண் திறந்திருந்த ஒரே ஜீவன் எதிர்வீட்டு ஆடு. அது மிட்டாய்த் தட்டைக் காகிதத்தோடு காலி செய்துகொண்டிருந்தது.

தெருவே சிரித்தது. அத்தை மகன் கம்பெடுத்து ஆட்டைத் துரத்தினான். அத்தை என்னை வாரித் தூக்கிக்கொண்டாள்.

"எங்க அண்ணன் பேர காப்பாத்திட்ட. ஆமா, கண்ண யாருமா மூடச் சொன்னது?"

"அப்பா மூடிக்கிட்டுதான் பாடுவாரு. ஏசியக்கூட நிறுத்திட்டுதான் பாடுவாரு."

அத்தையின் சிரிப்பு நின்றுவிட்டது. தறிகள் ஒவ்வொன்றாக மறுபடி ஓட ஆரம்பித்திருந்தன. "சின்னதுல வருஷா வருஷம் எங்க அண்ணந்தான் இந்தக் கயித்த இழுக்கும்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மிட்டாய் போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் போனில் அப்பாவிடம் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். ஆட்டுக் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "தறியெல்லாம் நின்னுச்சாமா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து அதையே திரும்பவும் கேட்டார்.

"எல்லாம் நின்னுச்சுப்பா. ஆனா இங்க யாருக்குமே கண்ண மூடத் தெரியலப்பா. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"அங்க எதுக்குமா மூடணும்?" என்றார் அப்பா. "அங்கதான் எல்லாம் எதிர்லயே இருக்குதே."

சொந்த ஊர்க்காரர்களாயிற்றே, விட்டுக்கொடுக்க மனசில்லாமல் அப்படிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.