தக்கைப்பூண்டு வேரில் இருந்த முடிச்சு

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாகவே தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன். எட்டாவது வரைதான் படித்தவள். புரியாததை எழுதினால் சிரிப்பார்களே என்ற கூச்சம். இன்றைக்கும் முழுசாகப் புரியவில்லை. முருகன் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வடக்குத்தில் எங்களுக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. வீட்டுக்காரருக்கு நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. அந்த நிலத்தில் போட்ட கத்தரி, வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கிச் செத்துப்போனது. இன்னொரு தடவை இப்படி ஆனால் வீட்டு மனைக்கு விற்றுவிடுவேன் என்று அவர் சொல்லிவிட்டார். நான் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமி படத்தருகே வைத்துவிட்டு, நெல்லுக்கு முன்னால் தக்கைப்பூண்டு விதைத்தேன். பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதால் அதுவே மண்ணுக்குத் தழைச்சத்து. அந்தச் செடிக்கும் ஏதாவது சாப்பிடக் கொடுக்க வேண்டாமா என்று, வீட்டில் மீந்திருந்த யூரியாவைத் தூவினேன். பாதி நிலத்துக்குத்தான் வந்தது.

யூரியா விழுந்த பாதி கருகருவென்று எழும்பியது. மற்ற பாதி வெளிறிக் கிடந்து பிறகுதான் பச்சை கட்டியது. ஒருநாள் இரண்டு பக்கமும் செடி பிடுங்கிப் பார்த்தேன். யூரியா பக்கத்துச் செடி சுலபமாக வந்தது. வேர் குட்டையாக, சுத்தமாக இருந்தது. மற்றது வரவே மாட்டேன் என்றது. நெம்பி எடுத்தால் நீளமான வேர், அது முழுக்க முடிச்சு. கத்தரியைக் கொன்ற அதே நோவு என்று வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன்.

வீட்டுக்காரர் மந்தாரக்குப்பத்து உரக்கடைக்கு போன் போட்டு, வேரில் முடிச்சு என்று மட்டும் சொன்னார். பிடுங்கிக் கொளுத்தச் சொல்லிவிட்டார்கள். அவர் மனை விலை விசாரிக்கக் கிளம்பினார். வேண்டுதலில் ஏதோ குறை வைத்துவிட்டேன் போலிருக்கிறது, நிலத்தில் வைத்தே அவிழ்த்து மறுபடி முடியலாம் என்று மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பக்கத்து நிலத்தில் இருந்த என் ஓரகத்தி பார்த்துவிட்டு வந்தாள்.

"என்னாக்கா, சாமி முடிச்ச அவுத்தா செடி முடிச்சும் அவுந்துடுமா?"

அழுதுகொண்டே வேரைக் காட்டினேன். வாங்கி நகத்தால் தட்டினாள். உருண்டை கழன்று விழுந்தது.

"நோவு முடிச்சுன்னா வேரே வீங்கிக்கினு இருக்கும், இப்படிக் கழண்டு வராது. கிள்ளிப் பாரு."

கிள்ளினேன். உள்ளே இளஞ்சிவப்பு. காற்றில் இருக்கிற சத்தை இழுத்துச் செடிக்குக் கொடுக்கிற முடிச்சாம் அது. அப்படியானால் யூரியா போட்ட பக்கம் ஏன் இல்லை என்று கேட்டேன்.

"சோறு ஆக்கி வெச்ச வூட்ல எதுக்குக்கா இன்னொருக்கா ஒல வெக்கணும்?"

கொளுத்தவில்லை. இரண்டு பாதியையும் மடக்கி உழுதோம். நெல் நட்டோம். எந்தப் பக்கம் எது என்று தெரியாதபடி ஒரே மாதிரி வந்தது. விற்கிற பேச்சு நின்றது.

யூரியாவால் என்கிறார் அவர். வேரால் என்கிறாள் ஓரகத்தி. நான் காசை உண்டியலில் போட்டேன். கொடுத்த பக்கம் வேர் சும்மா இருந்ததும், கொடுக்காத பக்கம் அத்தனை ஆழம் போனதும் இன்னும் மனசைக் குடைகின்றன. குறை இருக்கும்போதுதானே நானும் கோயிலுக்கு ஓடுகிறேன். இதுவும் அதுவும் ஒன்றா, தெரியவில்லை.

யாருக்காவது இதைச் சொன்னால், சாமியால் என்றோ வேரால் என்றோ நீங்களாக முடிவு கட்டிச் சொல்லாதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்தது, எழுதினவளுக்குப் புரியவில்லை என்று, நான் சொன்னபடியே சொல்லுங்கள்.